வட்டக்கோட்டை மணலில் பதினைந்து பேர்

ஆனைப்பாறை எஸ்டேட்,
4 செப்டம்பர் 1933

கர்த்தருக்குள் அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும் நேசபாய் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மாமியின் முழங்கால் நீர் வற்றியதா? மாமாவின் தோள்பட்டை குளிரில்லாத ஊரில் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு விசேஷம். எனக்கு மூன்று மாதம். மார்ச் நடுவில் பிறக்கும் என்று கம்பவுண்டர் சொல்கிறார்.

போன வருஷம் முதல் பிள்ளையை இந்த மலையிலேயே பெற நினைத்து, மழையில் பாதை இடிந்து, டாக்டர் வந்து சேருமுன் இழந்தோம். இந்தத் தடவை ஏழாம் மாதத்தில் அஞ்சுகிராமத்துக்கு வந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்ள எனக்கு ஆசை. அம்மா போன பிறகு, அம்மாவின் அண்ணனான உங்கள் வீடுதானே எனக்குப் பிறந்த வீடு.

ஆனால் வழி தெரியவில்லை. துரைமார் கிளப்புக்கு இவர் ஒருவர்தான் கிளார்க், லீவு கிடையாது. பஸ்ஸில் வந்தால் இரண்டு நாள், மூன்று இடத்தில் மாறவேண்டும். கம்பவுண்டர் பஸ் கூடவே கூடாது என்கிறார். கார் என்றால் பரவாயில்லையாம். செக்ரட்டரி துரையின் சம்சாரம் இரக்கமுள்ளவர்கள். “வருஷக் கடைசியில் கிளப்பார் தெற்கே போனால் உன்னை என் காரில் கொண்டு விடுகிறேன்” என்றார்கள். ஆனால் கிளப்பார் ரக்பி ஆடப் போவது கொச்சிக்கு. அங்கேதான் எதிரே நிற்க ஆள் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

நீங்கள் மனதைப் போட்டு உழப்பவேண்டாம். போன தடவை நடந்ததற்கு யாரும் காரணமில்லை.

பிரியமுள்ள மருமகள்,
நேசபாய்

அஞ்சுகிராமம்,
16 செப்டம்பர் 1933

எல்லாம் வல்ல தேவனுடைய மிகப் பெரிதான கிருபையினாலே இவ்விடம் நானும் உன் மாமியும் ஒரு குறைவுமின்றி இருக்கிறோம் என்று என் அருமை மருமகள் நேசபாய்க்கு உன் மாமன் யேசுரத்தினம் எழுதிக்கொள்வது. மாமி முழங்கால் குணமாகி நேற்று ஓடினாள். கோழியைத் துரத்தி.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். நான் மாட்டைப் பார்க்க வெளியே போனேன்.

கன்னியாகுமரிப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் இருக்கிறேன். பதினொரு வருஷம் அந்தக் கிளப்பில் துரைமாருக்கு மோதவும் விழவும், விழுந்தவன்மேல் முட்டித் தள்ளிப் பந்தை எடுக்கவும் கற்றுக்கொடுத்தவன். நான் இல்லாவிட்டால் அவர்கள் இன்றைக்கும் டென்னிஸ்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அன்று மாலையே செக்ரட்டரி துரைக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டேன். ஸ்கூல் வாத்தியார் சுந்தர்சிங் திருத்தினார். திருத்தப் பெரிதாக ஒன்றுமில்லை; வார்த்தைகளை மட்டும் மாற்றினார். ‘வட்டக்கோட்டை ரக்பி சங்கம், பதினைந்து வீரர்கள், இதுவரை தோற்றதில்லை, டிசம்பரில் தங்கள் கிளப்பைக் கடற்கரை மணலில் சந்திக்க ஆவல்’ என்று கண்டிருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. இன்னும் ஆடாதவன் எப்படித் தோற்பான்?

மறுநாள் பகவதியப்பனின் அரிசிக்கடைக்குப் போய், துரைமார் கண்ணீரோடு எனக்குக் கொடுத்த முட்டைப்பந்தை மூட்டைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன ஓய், பந்து சப்பிப்போயிருக்கு?”

“இது இப்படித்தான் இருக்கும். இதைக் கையில தூக்கிட்டு ஓடணும்.”

“எதுக்கு? யாரு துரத்துதா?”

“பதினைஞ்சு வெள்ளைக்காரன்.”

“நான் என்ன களவா செஞ்சேன்?” என்றார். ஆனாலும் முதல் பெயராக அவர் பெயரை எழுதிக்கொண்டேன். அவர் உடம்பின் அகலம் உனக்குத் தெரியும்.

நீ பால் குடி. மாடி ஏறாதே. மற்றதெல்லாம் என் பாடு.

உன் மாமன்,
யேசுரத்தினம்

ஆனைப்பாறை எஸ்டேட்,
2 அக்டோபர் 1933

அன்புள்ள மாமாவுக்கு நேசபாயின் வணக்கம். நான் சுகம், காலையில் மட்டும் தலை சுற்றுகிறது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் செக்ரட்டரி துரை இரண்டு தடவை வாசித்தாராம். பிறகு இவரைக் கூப்பிட்டு, “ஜான்ரோஸ், இப்படி ஒரு சங்கம் இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். இவருக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும். “மாமா எழுதியிருந்தால் இருக்கும்” என்று சொல்லி வியர்த்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

துரை ஒரு முடிவு செய்திருக்கிறார். உங்கள் பக்கத்து உப்பளத்துச் சூப்பிரண்டு துரை செக்ரட்டரி துரைக்குச் சிநேகிதராம். சிறு வயதில் நன்றாக ஆடினவராம். நவம்பர் 11-ஆம் தேதி அவர் வந்து உங்கள் ஆட்களைப் பார்ப்பார். அவர் சரி என்றால் கிளப் கன்னியாகுமரிக்கு வரும். இல்லை என்றால் கொச்சி.

மாமா, உண்மையாகவே பதினைந்து பேர் இருக்கிறார்களா?

மாட்டைப் பார்க்கப் போனதாக எழுதியிருந்தீர்கள். மாட்டைப் பங்குனியிலேயே விற்றுவிட்டதாக மாமி எழுதியிருந்தார்களே.

பிரியமுள்ள,
நேசபாய்

அஞ்சுகிராமம்,
14 அக்டோபர் 1933

என் அருமை மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம். உன் தலைச்சுற்றலுக்கு மாமி சுக்கும் நாரத்தங்காய் ஊறுகாயும் பார்சல் செய்திருக்கிறாள். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது என்று ஊரார் சொல்கிறார்கள்.

மாடு என்று எழுதினது பக்கத்து வீட்டு மாட்டை.

பதினைந்து பேர் இருக்கிறார்கள். உப்பு வண்டிக்காரர் பொன்னுலிங்கம், அவருடைய கூட்டாளிகள் ஆறு பேர், பனையேறிகள் ஐந்து பேர், பகவதியப்பன், சுந்தர்சிங் வாத்தியார், கோட்டாற்றிலிருந்து இரும்புக்கடைச் சுமைக்காரர் ஒருவர். எல்லாரும் சடுகுடுவில் பேர்போனவர்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் கோட்டைக்கு வடக்கே மணலில் கூடுகிறோம்.

முதலில் மோதல். சாக்கில் வைக்கோலைத் திணித்துப் பிடித்துக்கொண்டு நானே நிற்கிறேன். ஓடி வருகிறவன் தலையை எனக்கு முன்னால் கொண்டுவரக் கூடாது, பின்னால் ஒதுக்க வேண்டும். கன்னம் என் தொடையில் ஒட்ட வேண்டும். தோள் முதலில், கை பிறகு. கண்ணை மூடுகிறவனுக்குத்தான் கழுத்துச் சுளுக்கும். காலைப் பிடிக்க நான் கற்றுத்தர வேண்டியதே இல்லை. பொன்னுலிங்கம் கணுக்காலைப் பிடித்தால் பனை மரமே சாயும்.

அடுத்தது விழுவது. பந்தோடு விழுகிறவன் எதிரிக்கு முதுகைக் காட்டி, உடம்பைச் சுருட்டி, பந்தைத் தன் ஆட்கள் பக்கம் விட்டுவிட வேண்டும். அதை அவன் மறுபடி கையால் தொடக்கூடாது. அப்போது இரண்டு பக்கத்தாரும் அவனுக்கு மேலே தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்கள். பந்தைக் காலால்தான் பின்னுக்கு உருட்ட வேண்டும். துரைமார் இதை ரக்கு என்பார்கள். ஆட்டத்தின் உயிரே இதில்தான்.

இதற்கு இரண்டு பனைக்கு நடுவில் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, எல்லாரும் அதன் கீழே குனிந்து போய் மோதும்படி வைத்தேன். நிமிர்ந்து போகிறவனைக் கயிறே பிடித்துக்கொள்ளும். பிறகு பொன்னுலிங்கத்தின் உப்பு வண்டியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, முதுகை வளைக்காமல் எட்டுப்பேர் பின்னாலிருந்து மணலில் தள்ளுகிறார்கள். முதல் நாள் நகரவில்லை. இப்போது கடலுக்குள் போகாமல் பிடிக்க நான்கு பேர் வேண்டியிருக்கிறது.

சூப்பிரண்டு துரை வரட்டும்.

மாமன்,
யேசுரத்தினம்

அஞ்சுகிராமம்,
13 நவம்பர் 1933

மகிமையான செய்தியோடு மாமன் எழுதுவது. நீ சுகமா? பிள்ளை அசைகிறதா? மாமி கேட்கச் சொன்னாள்.

சனிக்கிழமை சூப்பிரண்டு துரை குதிரையில் வந்து பார்த்தார். அவருக்குப் பேச்சே எழவில்லை. கோட்டைச் சுவர்க் கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. நம் ஆட்களின் ஒழுக்கத்தைத்தான் பார்த்து அப்படி அதிசயித்தார் என்று நினைக்கிறேன். மோதலில் பிடிபட்ட ஒருவர்கூட வாதாடவில்லை. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, மரியாதையாகப் பனைமூட்டில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

போகும்போது துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆகவே நீ துணிமணிகளை எடுத்து வைக்கத் தொடங்கலாம்.

மாமன்,
யேசுரத்தினம்

ஆனைப்பாறை எஸ்டேட்,
27 நவம்பர் 1933

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம். பிள்ளை நன்றாக அசைகிறது. சாயங்காலங்களில் அதிகம். சுக்கும் ஊறுகாயும் வந்தன. மாமிக்கு என் முத்தங்கள்.

சூப்பிரண்டு துரையின் கடிதத்தை இவர்தான் ஃபைலில் வைத்தார். அதில் இருப்பதை உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். ‘பன்னிரண்டு நிமிஷத்தில் பதினைந்து பேரும் இறந்துபோனார்கள். கடைசியில் பந்து மட்டும் உயிரோடு கிடந்தது. நான் இவ்வளவு சிரித்து வெகு காலமாகிறது’ என்று எழுதியிருக்கிறார். சடுகுடுவில் பிடிபட்டவன் செத்தவன், வெளியே போகவேண்டும் என்பது அவருக்கு யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது.

ஆனால் கீழே இன்னொன்றும் இருக்கிறது. ‘இவர்கள் காலைப் பிடிக்கும் பிடியை நான் இங்கிலாந்திலும் பார்த்ததில்லை. சாகாமல் இருக்கமட்டும் யாராவது கற்றுக்கொடுத்தால் நம் கிளப்புக்கு வேலை இருக்கிறது.’ டிசம்பர் 9-ஆம் தேதி மறுபடி வந்து பார்ப்பாராம். அன்றைக்கும் எழுந்து போனார்கள் என்றால் கொச்சிதான். அங்கே தங்கும் இடம்கூடக் கேட்டு எழுதியாயிற்று.

மாமா, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இங்கேயே பார்த்துக்கொள்வோம். உங்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். போன தடவை நீங்கள் சொன்னதை நாங்கள் ஒரு நாளும் மனதில் வைத்ததில்லை.

பிரியமுள்ள,
நேசபாய்

அஞ்சுகிராமம்,
10 டிசம்பர் 1933

என் அருமை மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாமி சுகம். எனக்கு வலது தோள் கொஞ்சம் பேசுகிறது; கேட்காததுபோல் இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்த அன்று மணலில் எல்லாரையும் உட்காரவைத்துச் சண்டை பிடித்தேன். பொன்னுலிங்கம் கேட்கவில்லை.

“பிடிச்சா செத்தான்லா அண்ணாச்சி. செத்தவன் களத்துல கெடந்து என்ன செய்ய? சின்னதுலேருந்து அப்படித்தானே ஆடுதோம். காலு தானா எந்திரிச்சுப் போவுது.”

ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பரிசுக் கோப்பை என்றேன், துரைமார் விருந்து என்றேன், கெஜட்டில் பேர் வரும் என்றேன். பகவதியப்பன் கொட்டாவி விட்டார். பிறகு எனக்கே அலுத்துப்போய், உள்ளதைச் சொன்னேன். என் மருமகள் மலையில் இருக்கிறாள், போன வருஷம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தாள், இந்த ஆட்டம் நடந்தால்தான் அவளைக் கார் ஏற்றுவார்கள் என்றேன்.



“இதை மொதல்லயே சொல்லப்பிடாதா ஓய்?” என்றார் பகவதியப்பன். “ரெண்டு மாசமா கோப்பை, கோப்பைன்னு சொல்லிப் பறைஞ்சீரே. கோப்பைக்காவவா நான் கடையை அடைச்சிட்டு இங்க வந்து இடி வாங்குதேன்?”

“பின்ன எதுக்கு வந்தீரு?”

“நீரு கூப்பிட்டீரு, வந்தேன்.”

பொன்னுலிங்கம் மணலில் கோடு கீறிக்கொண்டே இருந்தார். “அண்ணாச்சி, சடுகுடுல செத்தவனுக்கு எப்ப உயிரு வரும்? எதிராளி ஒருத்தனை நாம பிடிச்சா வரும். இதுல நம்மாளு காலு பந்துல பட்டா வரும்னு வையும். அதுவரை செத்தவன் அங்ஙனயே கெடக்கணும். மத்தவன் குனிஞ்சு மேல பாஞ்சு போயி அவனுக்கு உயிரைக் கொண்டாரணும். இம்புட்டுத்தானே?”

பதினொரு வருஷம் துரைமார் கத்தின கத்தலெல்லாம் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிட்டது. நானும் அதைத்தான் சொல்லவந்தேன் என்று சொல்லிவைத்தேன்.

நேற்றுச் சூப்பிரண்டு துரை வந்தார். முதலில் விழுந்தது சுந்தர்சிங் வாத்தியார். எழுந்திருக்கவில்லை. எட்டுப்பேர் கயிற்றுக்குக் கீழே போவதுபோலப் போய் முட்டினார்கள், “வாத்தியாருக்கு உயிரு, வாத்தியாருக்கு உயிரு” என்று ஒரே கூச்சல். பந்து பின்னால் வந்தது. துரை தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாமும் உள்ளே இறங்கிவிட்டார். பொன்னுலிங்கம் அவர் காலைப் பிடித்தார். துரை மணலில் கிடந்தபடியே சரி, சரி என்றார்.

இதில் தொப்பி மட்டும்தான் நான் சேர்த்தது. அவர் தொப்பி போட்டுவரவில்லை.

மாமன்,
யேசுரத்தினம்

ஆனைப்பாறை எஸ்டேட்,
18 டிசம்பர் 1933

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு ஜான்ரோஸ் தாழ்மையாய் எழுதுவது. தாங்களும் மாமியும் சுகமாயிருக்கக் கர்த்தர் உதவி செய்வாராக.

கிளப் கன்னியாகுமரிக்கு வருகிறது. நேற்றுக் கூட்டத்தில் பாதிப் பேர் கொச்சி என்றார்கள். செக்ரட்டரி துரை எழுந்து பேசினதைக் குறிப்பில் நான்தான் எழுதினேன். “யேசுரத்தினத்தின்மேல் மோதித்தான் நம்மில் பாதிப் பேர் இந்த ஆட்டத்தைக் கற்றோம். பதினொரு வருஷம் சாக்கைப் பிடித்துக்கொண்டு நமக்கு எதிரே நின்றார். தோள் எலும்பு முறிந்த அன்றைக்கும், மறுபடி வாருங்கள் என்றுதான் சொன்னார். நாம் அவருக்கு ஒரு கிழிந்த பந்தைக் கொடுத்து அனுப்பினோம். அவர் ஊருக்கு ஒரு தடவை போவோம்.” அதற்குப் பிறகு கொச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்கு லீவு இல்லை. நேசபாய் துரைசானி காரில் வருகிறாள். இடிந்த பாதை வளைவைத் தாண்டும்போது அவளுக்குப் பயம் வரும். வந்து சேர்ந்தவுடன் தந்தி கொடுங்கள். உங்களுக்கும் அந்தப் பதினைந்து பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜான்ரோஸ்

அஞ்சுகிராமம்,
30 டிசம்பர் 1933

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமன் யேசுரத்தினத்தின் கிறிஸ்துமஸ் வாழ்த்துதல். தந்தி கிடைத்திருக்கும். ‘நேசபாய் சுகம்’ என்று மட்டும் போட்டேன். மாட்ச் விவரம் முழுவதும் போடவேண்டும் என்றதற்குத் தந்தி மாஸ்டர் கோபித்துக்கொண்டார்.

செக்ரட்டரி துரை சொன்னதை வாசித்தேன். உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஆட்டம் வந்திராது.

நேற்று நடந்த ஆட்டத்தில் அவர்கள் சற்று முன்னிலையில் முடித்தார்கள். அவர்கள் முப்பத்தொன்று, நாம் மூன்று. காற்று அவர்கள் பக்கம். இரண்டாம் பாதியிலும் காற்று திரும்பி அவர்கள் பக்கம் போய்விட்டது.

ஆனால் அந்த மூன்றைக் கேளுங்கள். அவர்களுடைய எல்லைக் கோட்டுக்கு நான்கு அடி இருக்கும்போது பொன்னுலிங்கத்தைச் சாய்த்துவிட்டார்கள். அவர் முதுகைக் காட்டிச் சுருண்டு பந்தை நம் பக்கம் விட்டார். எதிரே செக்ரட்டரி துரை உட்பட ஆறு பேர். நம் ஆட்கள் உப்பு வண்டியைத் தள்ளுவதுபோலத் தள்ளினார்கள். துரைமார் ஒரு அங்குலம் போனார்கள், ஒரு அடி போனார்கள், பிறகு ஒரேயடியாய்ப் போய்விட்டார்கள். காலுக்கு வந்த பந்தைப் பகவதியப்பன் எடுத்து, கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்தார்; அதற்குத்தான் அந்த மூன்று. பந்து வெடித்துவிட்டது. சத்தம் கன்னியாகுமரிக் கோயில்வரை கேட்டதாம்.

மாமன்,
யேசுரத்தினம்

இதன் கீழே நான் நாலு வரி எழுதுகிறேன். நான் சுகம். இடிந்த வளைவில் துரைசானி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து வெடிக்கவில்லை. மாமா அந்த மூன்றைப் பார்க்கவும் இல்லை. பந்தோ ஆளோ நான் இருந்த கார் பக்கம் வந்துவிடக்கூடாது என்று ஆட்டம் முழுவதும் காருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் பதினைந்து பேரும் ஒவ்வொருவராகக் கார் ஜன்னலுக்கு வந்தார்கள். பகவதியப்பன் அண்ணாச்சிக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. “வழியில ரொம்பக் குலுக்கினானா மக்கா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. — நே.

அஞ்சுகிராமம்,
13 மார்ச் 1934

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தந்தியில் எழுதாததை எழுதுகிறேன். நேற்றுத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நேசபாய்க்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆறு ராத்தல். பிள்ளை கால் பக்கமாக வந்தது. டாக்டரம்மா ஐந்து மணி நேரம் கூடவே நின்றார்கள். வீட்டில் என்றால் இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொன்னார்கள். இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். மாமி பக்கத்தில் இருக்கிறாள்.

போன தடவை, ஊருக்கெல்லாம் போகவேண்டாம், மலைக்காற்று நல்லது, நூறு பிள்ளைப்பேறு பார்த்தவன் நான் என்று உங்கள் இருவரிடமும் சொன்னேன். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. என் பேச்சைக் கேட்டு அவள் அங்கே இருந்துவிட்டாள். அதை நீங்களும் அவளும் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைக்குப் பெயரை நீங்களும் அவளும் யோசித்து வையுங்கள். என்னிடம் யோசனை கேட்கவேண்டாம்.

யேசுரத்தினம்